விரைந்தறிதலும் தேர்ந்தறிதலும்

மக்கள் நினைவு இரண்டு நெறியிற் செல்லும் என்பதும், அவற்றுள் ஒன்று முயற்சியின்றி நொடியில் எழுவது, மற்றொன்று முயன்று படிப்படியாகச் செல்வது என்பதும், மேனாட்டு உளநூலார் பலர்க்கு இக்காலத்து உடன்பாடாகிய கொள்கையாம். வேசன், எவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1975-ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு கட்டுரை வாயிலாக எழுப்பினர். ஸ்டேனோவிச், வெஸ்ட் என்பார் 2000-ஆம் ஆண்டில் அவ்விரண்டற்கும் முதல் அமைப்பு, இரண்டாம் அமைப்பு என்று பெயரிட்டனர். ஆயினும் இக்கொள்கையை உலகத்தார் பலரும் அறியுமாறு பரப்பியது டேனியல் கானமன் என்பார் 2011-இல் வெளியிட்ட 'திங்கிங், பாஸ்ட் அண்ட் ஸ்லோ' என்னும் நூலேயாம். விரைந்து நினைத்தலும் மெல்ல நினைத்தலும் என்பது அப்பெயரின் பொருள்.

கானமன் 1934-ஆம் ஆண்டு தெல் அவீவ் நகரிற் பிறந்து, எருசலேம் எபிரேயப் பல்கலைக் கழகத்தும் பின்னர் அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தும் ஆசிரியராய் விளங்கியவர், உளநூலாராயிருந்தே 2002-ஆம் ஆண்டிற் பொருளியலுக்குரிய நோபெல் நினைவுப் பரிசு பெற்றவர், 2024-இல் மறைந்தார். அவரோடு பல்லாண்டு உடனிருந்து ஆராய்ந்த ஆமோஸ் துவெர்ஸ்கி 1996-இலேயே மறைந்தமையின் அப்பரிசிற் பங்கு பெற்றிலர். அந்நண்பரின் நினைவுக்கே நூல் உரிமையாக்கப்பட்டுள்ளது.

நூலின் தொடக்கத்தில் இரண்டு எடுத்துக்காட்டுக்கள் உள. சினங்கொண்ட ஒரு பெண்ணின் முகப்படத்தைக் கண்ட அளவிலே, இவள் சினந்துள்ளாள், இனிக் கடுஞ்சொற் கூறுவாள் என்பது தானே தோன்றும். இது விரைந்தறிதல். 17-ஐ 24-ஆற் பெருக்குக என்புழி, விடை தானே தோன்றாது. மனத்தை நிறுத்தி, இடைத்தொகைகளை மறவாது பேணி, 408 என்று காணல் வேண்டும். இது தேர்ந்தறிதல். விரைந்தறிவு எப்பொழுதும் விழித்திருப்பது, தேர்ந்தறிவு மடிமையுடையது, முன்னது தந்த விடையைப் பின்னது ஆராயாது ஏற்றுக்கோடலே மக்கள் பிழைகளுட் பெரும்பாலனவற்றிற்குக் காரணம் என்பது நூலின் கருத்து.

இதற்கு ஷேன் பிரெடரிக் என்பார் 2005-இல் வெளியிட்ட ஒரு கணக்கு நல்ல சான்று. ஒரு மட்டையும் ஒரு பந்தும் சேர்ந்து 1 டாலர் 10 சென்ட் விலை. மட்டையின் விலை பந்தின் விலையினும் 1 டாலர் மிகுதி. பந்தின் விலை யாது? 10 சென்ட் என்னும் விடை கேட்டமாத்திரத்தே எழும். அது பிழை. பந்து 10 சென்ட் ஆயின் மட்டை 1 டாலர் 10 சென்ட் ஆதல் வேண்டும். இரண்டும் சேர 1 டாலர் 20 சென்ட் ஆகும். 5 சென்ட் என்பதே விடை. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் முதலிய பெரும் பல்கலைக் கழக மாணவருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் பிழைவிடையே கூறினர் என்று நூல் கூறும்.

இவற்றைக் கற்ற சைவர் ஒருவர்க்கு ஓர் ஆசை எழுதல் இயல்பு. ஆராய்ச்சியின்றி நேரே எழும் அறிவு ஒன்று உண்டென மேனாட்டாரும் உடன்பட்டனர். அவர் 'இன்டுயிஷன்' என்பதும் தமிழில் உள்ளுணர்வு என்பதும் ஒன்றே. ஆகவே அளவை நூலார் விகற்பமில் காட்சி என்றதும், ஞானிகள் சிவானுபவம் என்றதும் இவ்விரைந்தறிவின் வகைகளே என்பதே அவ்வாசை. அங்ஙனம் கூறுவாரும் உளர். இக்கூற்று நூலுக்கும் பொருந்தாது, சித்தாந்தத்திற்கும் பொருந்தாது.

முதற்கண் காட்சியைப் பற்றிய அளவில் நோக்குக. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் விகற்ப உணர்வு இன்னதென வரையறுத்தனர். ஒரு பொருளைப் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தனோடும் கூட்டி அறிதல் விகற்பம். அவ்வைந்தும் கூடாமல் பொருளின் உண்மை மாத்திரம் அறிதல் விகற்பமில் காட்சி. இனி, முகப்படத்தைக் கண்டான் அறிவை இதனோடு ஒப்பிடுக. பெண் என்பது சாதி. சினம் என்பது குணம். கடுஞ்சொற் கூறப்போகின்றாள் என்பது கன்மம். நொடியில் எழுந்ததாயினும் அவ்வறிவு ஐவகை விகற்பத்துட் பலவற்றைத் தன்னுட் கொண்டே எழுந்தது. விரைவு பற்றி அதனை விகற்பமில் காட்சி என்றல், தேர் கடுகிச் செல்கின்றமையின் அதற்கு உருளை இல்லை என்பதனோடு ஒக்கும்.

இனிக் கருதலளவையை நோக்குக. கேரி கிளைன் என்னும் அமெரிக்க உளநூலார் 1998-இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. கானமனும் அதனை எடுத்தாண்டுள்ளார். தீயணைப்புப் படைத் தலைவர் ஒருவர் தம் ஆட்களுடன் எரியும் வீட்டினுட் புகுந்தார். அடுக்களையில் தீ. நீரைப் பாய்ச்சினர், தீ அடங்கவில்லை. திடீரெனத் தலைவர், காரணம் இன்னதென்று தாமே அறியாராய், அனைவரும் வெளியேறுக என்று கட்டளையிட்டார். அவர் வெளியேறிய சிறு பொழுதில் அவர் நின்ற தளம் இடிந்து வீழ்ந்தது. தீயின் இருப்பிடம் அடுக்களையன்று. அதன்கீழ் இருந்த நிலவறை. தம்மைக் காத்தது புலன்கடந்த ஓர் ஆற்றல் என்றே அத்தலைவர் நெடுநாள் நம்பியிருந்தார். கிளைன் வினவி வினவி ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவ்வளவினதாகிய அடுக்களைத் தீக்கு இராதவாறு அறை வெப்பம் மிக்கிருந்தது. தீயின் ஒலியோ குறைந்திருந்தது. நீர்க்கும் அது அடங்கவில்லை. பல்லாண்டு தீயொடு பழகிய அறிவு, இம்மூன்றும் ஒருங்கு நிகழாமையைக் கண்டு, பெயரிட்டுச் சொல்லுமுன்னரே அஞ்சியது.

இஃது அனுமானமேயன்றிப் பிறிதில்லை. மலையிற் புகை கண்டு தீயுண்டென்று துணிவதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாக அளவை நூலார் கூறும் வழக்கு யாவரும் அறிந்தது; ஈண்டும் அடுக்களையே வந்து சேர்ந்தது வியப்பு. கருதலைத் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என இரண்டாகப் பகுப்பர். தன்பொருட்டாவது, ஏதுவிற்கும் சாதிக்கப்படும் பொருளிற்கும் உள்ள விட்டு நீங்காமையை முன்னரே அறிந்தான் ஒருவன், ஏதுவைக் கண்டவழித் தன்னுள்ளே துணிவது. பிறர்பொருட்டாவது, அதனை மேற்கோள் முதலிய உறுப்புக்களால் விரித்துப் பிறனுக்கு உணர்த்துவது. தலைவர் பெற்றது தன்பொருட்டனுமானம். கிளைன் வினவி வெளிப்படுத்தியது அதனையே பிறர்பொருட்டனுமானமாக்கியதாம். விரைந்தது என்பதனால் ஓர் அறிவு அனுமானம் அல்லாமற் போகாது. எத்துணைக் காலத்தில் எழுந்தது என்பதை நோக்கி அளவைகள் வகுக்கப்படவில்லை. எதனான் எழுந்தது, ஐயமும் திரிவும் நீங்கிற்றா என்பனவே நோக்கி வகுக்கப்பட்டன.

இதனால் விளைவது சிறிதன்று. கானமனும் கிளைனும் உள்ளுணர்வு பற்றித் தம்முள் மாறுபட்டவர். எனினும் பலயாண்டு வழக்கிட்டு 2009-இல் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை வெளியிட்டனர். விரைந்தறிவை நம்புதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பது அவர் துணிபு: அறியப்படும் துறை ஒழுங்குடையதாயிருத்தல் ஒன்று, அவ்வொழுங்கை நெடுநாட் பழகி, தன் துணிவு மெய்யோ பொய்யோ என்பதை உடனுக்குடன் கண்டு திருந்தும் வாய்ப்பு மற்றொன்று. இவ்விரண்டும் இல்வழி, ஒருவன் தன் துணிவிற் கொள்ளும் உறுதி அத்துணிவின் மெய்ம்மைக்குச் சான்றாகாது. இதனை ஏற்பவர், திருக்கோயிலிற் கண்மூடி நின்றபோது தம் உள்ளத்தெழுந்த ஓர் உறுதியை இந்நூலைச் சான்றுகாட்டி நிறுவுதல் எங்ஙனம்? அவ்விடத்துத் துணிவு பிழைத்ததென உடனே காட்டுவது யாது? தீயணைப்போரைச் சிவானுபவத்திற்குச் சாட்சியாக அழைத்தவர், அச்சாட்சி நிற்கும் மன்றத்தின் சட்டத்திற்கும் உட்பட வேண்டும். உட்பட்டால் வழக்குத் தோற்கும்.

பதிஞானம் கருவிகளான் வருவதன்று, ஆகலின் அதற்குக் கருவிகளைப் பற்றிய இச்சோதனை பொருந்தாது என்று விடை கூறலாம். அவ்விடை முற்றும் சரியே. ஆனால் அதனைக் கூறியவுடன் தீயணைப்போர் சாட்சியும் கைவிடப்படும். விரைந்தறிவு, தேர்ந்தறிவு என்னும் இரண்டும் கரணங்களின் தொழில், சுட்டி அறிவன, இரண்டும் பாசஞானத்துள் அடங்குவன. ஒன்று விரைந்து செல்லும் பாசஞானம், மற்றொன்று மெல்லச் செல்லும் பாசஞானம். முன்னதைப் பதிஞானத்தின் வாயிற்படி என்று போற்றுதல், கரணங்களுட் கீழாயதனை எடுத்து முடிமேல் வைத்தலாம். இக்காலத்துச் சமயப் பேச்சுக்களில் உள்ளுணர்வு என்னும் ஒரு சொல் இவ்விரண்டனையும் ஒருங்கு சுட்டி வழங்குதல் பெருமயக்கத்திற்கு இடமாயிற்று.

கானமன் நூலுள் சைவர்க்கு மெய்யாகவே பயன்படும் ஓரிடம் வேறு. 21 அகவையில் அவர் இசுரவேல் நாட்டுப் படையில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் திருத்தும் பணியில் அமர்த்தப்பட்டார். அதுகாறும் தேர்வாளர், வந்த இளைஞனோடு பொதுவாக உரையாடி, தம் உள்ளத்துப்பட்டதை மதிப்பாகக் கூறிவந்தனர். அம்மதிப்புப் பெரும்பாலும் பயனற்றது எனக் காணப்பட்டது. கானமன் ஆறு பண்புகளைக் குறித்து, ஒவ்வொன்றற்கும் நிகழ்ச்சிகளையே வினவித் தனித்தனி எண்ணிட்டுக் கொண்டு வருமாறு பணித்தார். எம்மை இயந்திரமாக்குகின்றீர் என்று தேர்வாளர் முறையிட்டனர். அவரை ஆற்றுதற்பொருட்டு, ஆறும் முடிந்த பின்னர்க் கண்களை மூடி அவ்விளைஞனைப் போர்வீரனாக எண்ணி உள்ளத்துத் தோன்றும் எண்ணையும் இடுக என்றார். பின்பு ஆராய்ந்தபொழுது, ஆறன் கூட்டுத்தொகை பழைய மதிப்பினும் மிகச் சிறந்திருந்தது. வியப்பென்னவெனின், கண்மூடி இட்ட எண்ணும் அதற்குச் சிறிதும் தாழ்ந்திலது. முன்னர்ப் பயனற்றிருந்த உள்ளத்தறிவு, ஒழுங்காகக் கேட்டுச் சிந்தித்தபின் எழுந்தபோது பயனுடையதாயிற்று. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று சித்தாந்தம் வகுத்த முறையில், கேட்டலும் சிந்தித்தலும் ஏன் முன்வைக்கப்பட்டன என்பதனை ஒருவாறு விளக்குதற்கு இது நல்ல உவமை. உவமை மாத்திரையே; படைக்கு ஆள் எடுத்தலும் நிட்டை கூடுதலும் ஒன்றல்ல.

இனி நூலின் குறை. இரண்டு அமைப்புக்கள் என்பன கதைமாந்தர் போலக் கற்பித்துக் கொண்டன, மூளையில் அங்ஙனம் இரண்டிடம் இல்லை என்று கானமனே கூறுகின்றார். கூறியும், நூல் முழுதும் அவ்விருவரும் பேசுகின்றனர், உறங்குகின்றனர், ஏமாற்றுகின்றனர், ஏமாறுகின்றனர். இருவகையாற் பகுத்தமையின் இடையில் நிற்கும் தொழில்கட்கு இடமின்றிப் போயிற்று. டி நேஸ் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பந்தின் விலை 10 சென்ட் என்று பிழையாகக் கூறியோர்க்கும் தம் விடையில் உறுதி குறைந்திருந்தமை காணப்பட்டது. பொறியில்லாத எளிய கணக்கிற்கு விடை கூறியபோது அவர்க்கு அக்குறைவு இல்லை. பிழைத்தவனும் தன் பிழையை ஒருவாறு ஐயுற்றான் என்பதாயிற்று. அங்ஙனமாயின் ஐயுற்றது யாது? விரைந்தறிவு எனின், அது ஐயமின்றி ஏற்பது என்னும் நூலின் கூற்றோடு முரணும். தேர்ந்தறிவு எனின், அது விழித்தேயிருந்தும் திருத்தாமைக்குக் காரணம் கூறல் வேண்டும்.

அந்தக்கரணம் நான்கெனக் கொண்ட சித்தாந்திக்கு இவ்விடர் அத்துணை இல்லை. மனம் பற்றி ஐயுறும், அகங்காரம் யான் அறிவல் என்று எழும், புத்தி நிச்சயிக்கும், சித்தம் சிந்திக்கும். ஐயம் தீருமுன் அகங்காரம் எழுந்து ஈர்த்தமையின் புத்தி பொய்யை நிச்சயித்தது என்றல் கூடும். நான்கும் விரைவும் மெல்லமையும் பற்றி வகுத்தன அல்ல, தொழில்பற்றி வகுத்தன. அதனினும் பெரியது ஒன்று. மக்கள் தம்மை இரண்டாம் அமைப்பாகவே, அஃதாவது தேர்ந்து துணியும் அறிவாகவே எண்ணிக்கொள்கின்றனர் என்று கானமன் கூறி, அவ்வெண்ணம் சரியோ என்பதை மேலும் ஆராயாது விடுத்தனர். புத்தியே யான் என்னும் இம்மயக்கத்தையே மெய்கண்டார் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தில் எடுத்து மறுத்தனர். அரசன் அமைச்சரோடு கூடித் தொழில் செய்வான். அதுபற்றி அவன் அமைச்சருள் ஒருவன் ஆகான். விரைந்துரைக்கும் அமைச்சனும் உளன், தேர்ந்துரைக்கும் அமைச்சனும் உளன். இருவர் உரையையும் கேட்டவன் யாவன் என்னும் வினா இந்நூலில் எழவேயில்லை. உளநூலுக்கு அது வேண்டா என்பர். வேண்டாவாயின் ஆகுக, ஆனால் அறிவின் இயல்பை முழுதும் கூறிவிட்டதாக நூலை மேற்கொள்வார் இதனை நினைதல் நன்று.

தேர்ந்தறிவு தானே நடுவனாகாது என்பதற்கு இந்நூலின் வரலாறே சான்றாயிற்று. நான்காம் இயலில், ஒருவன் கேட்ட சொற்கள் அவனறியாமலே அவன் ஒழுக்கத்தை மாற்றும் என்பதற்குப் பல சோதனைகள் கூறப்பட்டன. அவற்றுட் பேர்பெற்றது 1996-இல் வெளியானது: முதுமை தொடர்பான சொற்களைக் கையாண்ட மாணவர், பின்னர் நடைக்கூடத்தில் மெல்ல நடந்தனர் என்பது. இம்முடிவுகளை நம்பாதிருத்தற்கு இடமே இல்லை என்னும் அளவிற் கானமன் எழுதினார். 2012-இல் பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர் அதனை மீளச் செய்து, நடையின் காலத்தை ஒளிக்கருவியால் அளந்தபோது வேறுபாடு காணப்படவில்லை. மாணவர் மெல்ல நடப்பர் என்று சோதனையாளர் முன்னரே எதிர்பார்த்தபோதுதான் அது காணப்பட்டது. தேர்ந்து ஆராய்பவன் எதிர்பார்ப்பும் சோதனையின் முடிவைப் பற்றியது. கானமன் அவ்வாண்டே அத்துறையார்க்கு எச்சரிக்கை மடல் விடுத்தார். 2017-இல், சிறு தொகையினரிடம் நடத்திய சோதனைகளில் தாம் வேண்டுமளவிற்கு மேல் நம்பிக்கை வைத்ததாக வெளிப்படையாக உடன்பட்டார். சிறு தொகையை நம்பும் பிழையை அவரும் துவெர்ஸ்கியும் 1971-ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதிக் கண்டித்திருந்தனர். பிழையின் பெயரறிந்தவர், அதனை உலகுக்கு அறிவித்தவர், 40 யாண்டின் பின் அதன்வழியே சென்றார். அதனை மறையாது உரைத்த நேர்மை பெரிது. அதனினும் இந்நிகழ்ச்சி உணர்த்தும் பொருள் பெரிது.

அப்பொருளை நூலில் உள்ள ஒரு படமும் உணர்த்தும். மியுல்லர்-லையர் என்பார் 1889-இல் வரைந்து காட்டியது அது. இரு கோடுகள், ஒன்றன் முனைகளிற் சிறகுகள் உள்நோக்கியும், மற்றொன்றன் முனைகளில் வெளிநோக்கியும் உள. கண்ணுக்கு ஒன்று நெடிது, மற்றொன்று குறிது. அளந்தால் இரண்டும் ஒப்பன. அளந்தறிந்த பின்னரும், நூறுமுறை அளந்த பின்னரும், கண்ணுக்கு அவை ஒவ்வாதனவாகவே தோன்றும். கயிற்றை அரவென்று கண்டவன் விளக்கொடு சென்று நோக்கின், அரவு நீங்கும், மீளத் தோன்றாது. ஈண்டு அறிவு வந்தும் தோற்றம் நீங்கவில்லை. ஆகவே பிழை இருவகை: அறிந்த அளவில் நீங்குவது ஒன்று, அறிந்தும் நீங்காது நிற்பது மற்றொன்று.

பாசப்பற்று எவ்வகைப் பிழை என்பதே ஏகான்மவாதியர்க்கும் சித்தாந்திக்கும் உள்ள பழைய வழக்கு. கயிற்றரவு போல்வது, ஞானத்தால் நீங்கும் என்பர் முன்னையோர். ஆகமவுரை ஆசிரியர் உடன்படார். ஆணவமலம் அறியாமை மாத்திரம் அன்று, கண்ணை மறைத்த படலம்போல் ஒரு பொருள். படலம் உண்டென்று அறிந்தமையாற் கண் தெளியாது, மருத்துவன் தொழிலே அதனை நீக்கும். அங்ஙனமே மலத்தை நீக்குவது சிவசத்தி தீக்கை வாயிலாகச் செய்யும் தொழில் என்பர். அறிந்தும் நீங்காத பிழை உலகில் இல்லை என்று இனி ஒருவர் வாதிட வாரார். கானமன் படம் தீக்கையின் உண்மையை நிறுவிற்று என்று மகிழ்தல் மட்டும் ஆகாது. கோட்டின் நெடுமை வேறு, உயிரின் கட்டு வேறு. கண்ணின் மயக்கத்திற்கு மருத்துவன் இலனாகவும் வாழ்வு நடக்கும்.

நூலின் முடிவுரையில் கானமன் தம்மைப் பற்றியே கூறுவது குறிக்கத்தக்கது. நெடுங்காலம் இவற்றை ஆராய்ந்தும் தம் விரைந்தறிவு பெரிதும் திருந்திலது. பிழை நேரக்கூடிய இடத்தை முன்னறிதலே சிறிது கூடிற்று. தம் பிழையினும் பிறர் பிழையைக் காணல் எளிது என்கின்றார். அதுபற்றியே தனி ஒருவனினும், ஒருவர் கூற்றை ஒருவர் ஆராயும் கூட்டத்தின்மேல் அவர் நம்பிக்கை சென்றது. தன்னுள்ளே துணிந்ததை ஐந்துறுப்பாற் பிறர்முன் விரித்து, ஏதுவிற் குற்றம் உளதேற் கூறுக என்று நிற்கும் பழைய வாதமுறையும் இதற்கே அமைந்தது. சைவ மாநாடுகளில் வாதம் அருகி வாழ்த்துரையே மிகும் இந்நாளில், சித்தியாரின் அளவைப் பகுதியைச் சிவஞான முனிவர் உரையோடு மாணாக்கர் வினாவும் விடையுமாகப் பயிலும் வகுப்பு ஊர்தோறும் ஒன்றேனும் நடைபெறுதல் வேண்டும். அவ்வகுப்பிற் கானமன் நூலின் முதன்மூன்று பகுதிகளையும் உடன்வைத்துப் படிக்கலாம். பொருளியல் பற்றிய நான்காம் பகுதி அதற்கு வேண்டுவதில்லை.